401இல் சனி இரவு உறைமழையா, பனியா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

401லொறி (வியாழன், காலை 9:12)

சனிக்கிழமை மிசிசாகாவில் இருந்து மொன்றியலுக்கு, கனடாவின் 401 நெடுஞ்சாலை வழியாக லோட் கொண்டு போக வேண்டும். போனில் இருக்கிற மூன்று ஆப்பும் மூன்று கதை சொல்கின்றன. ஒன்று 18 சென்ரிமீற்றர் பனி என்கிறது, இன்னொன்று வெறும் மழை, மூன்றாவது கலப்பு என்று ஊதா நிறத்தைப் பூசி வைத்திருக்கிறது. பனி என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை. 11 வருடமாக இந்த ரோட்டில் ஓடுகிறேன், உப்பு லொறி முன்னால் போனால் பின்னாலேயே மெதுவாகப் போய்ச் சேரலாம். உறைமழை, அதாவது விழுந்த இடத்தில் ஐஸாக உறைகிற மழை, என்றால் வண்டியை எடுக்கவே மனமில்லை. போன குளிர்காலம் பெலவில் தாண்டி ஒரு மேம்பாலத்தில் ட்ரெயிலர் தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் போகத் தொடங்கியது, பிரேக்கில் கால் வைக்காமல் இருந்ததால்தான் தப்பினேன். அன்றைக்கும் ஆப் பனி என்றுதான் காட்டியது.

விஷயம் தெரிந்தவர்கள் எதைப் பார்த்து இது உறைமழை, இது பனி என்று சொல்கிறீர்கள்? எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

மேகவாசி (வியாழன், காலை 10:05)

தம்பி, முதலில் ஆப் காட்டும் நிலமட்ட வெப்பநிலையை ஒரு பக்கம் வையுங்கள். ஊரில் மழை வருமா, எவ்வளவு வரும் என்று மட்டும்தான் கேட்போம். இங்கே அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, விழப்போவது என்ன என்று. அதற்குப் பதில் ஒன்றரை இரண்டு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகருக்கு வந்து 22 குளிர்காலம் ஆகிவிட்டது, படித்தது பொறியியல், வானிலை எனக்குத் தொழில் இல்லை, ஆனால் ஒவ்வொரு புயலுக்கும் இதை எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன். முறைக்குப் பெயரே மேலிருந்து கீழ் முறை. விழுகிற துகளோடு நீங்களும் மேகத்தின் உச்சியில் இருந்து இறங்கி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் பார்க்க வேண்டியது, அங்கே பனிப்படிகம் பிறக்கும் அளவுக்குக் குளிர் இருக்கிறதா என்பது. மேக உச்சி ஏறத்தாழ −10 பாகையை விடக் குளிராக இருந்தால் படிகம் உருவாகும் வாய்ப்பு நல்லது. அவ்வளவு குளிர் இல்லை என்றால் சின்னச் சின்ன நீர்த்துளிகள் சுழியத்துக்குக் கீழேயும் உறையாமல் நீராகவே இறங்கும், அதுதான் உறைதூறல். றேடாரில் ஒன்றுமே தெரியாது, ரோட்டு மட்டும் கண்ணாடியாகி இருக்கும்.

படிகம் பிறந்துவிட்டது என்று வையுங்கள். இறங்கும் வழியில் சுழியத்துக்கு மேலே ஒரு சூடான அடுக்கு குறுக்கே இருக்கிறதா? தெற்கில் இருந்து வரும் காற்று கீழே கிடக்கும் குளிர்காற்றின் மேல் ஏறிப் படுக்கும்போது அப்படி ஓர் அடுக்கு வரும், பெரும்பாலும் காற்றழுத்தம் 850 மில்லிபாராக இருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக்குப் பக்கத்தில். அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 பாகைக்குள் இருந்தால் பனி பெரிதாகச் சேதமில்லாமல் கடந்துவிடும். 1க்கும் 3க்கும் இடையில் என்றால் பாதி உருகி நடுவில் ஒரு ஐஸ் குறுணி மிஞ்சும். 3ஐத் தாண்டினால் முழுவதும் நீர்.

பிறகு கடைசி அடுக்கு, தரையோடு ஒட்டிய குளிர். பாதி உருகிய துளிக்குள் ஐஸ் குறுணி இருப்பதால் இந்தக் குளிருக்குள் வந்ததும் சட்டென்று திரும்ப உறைந்து ஐஸ் மணியாக விழும். முழுவதும் நீராகிவிட்ட துளிக்கு அந்த விதை இல்லை. குளிர் அடுக்கு நல்ல தடிப்பாகவும் −6, −8 என்று கடுமையாகவும் இருந்தால் ஒழிய அது நீராகவே வந்து, தொட்ட இடத்தில் உறையும். கம்பி, கிளை, ரோட்டு, உங்கள் கண்ணாடி எல்லாவற்றிலும். அதுதான் நீங்கள் பயப்படுகிற சாமான்.

ஆகவே தரையில் −2 என்று ஆப் காட்டினால் அது நாலு விதமாகவும் முடியலாம், பனி, ஐஸ் மணி, உறைமழை, உறைதூறல். நாலுக்கும் தரையில் அதே −2 தான்.

ஸ்காபரோ_தாதி (வியாழன், மதியம் 12:40)

இதைப் படிக்கும்போது 2013 டிசம்பர் தான் ஞாபகம் வருகிறது. இரவு வேலை முடிந்து விடிய வெளியே வந்தால் கார்க் கதவு திறக்கவில்லை, கைபிடியோடு சேர்த்து ஒரே ஐஸ். எங்கள் தெருவில் இருந்த பெரிய மேப்பிள் மரம் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தத்தோடு முறிந்து கம்பியில் விழுந்தது. நத்தாருக்கும் கரண்ட் இல்லை. மாமியை மூன்று கம்பளிக்குள் சுற்றி, பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, பிறகு மிசிசாகாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனோம்.

எனக்கு அன்றைக்கிருந்து ஒரு கேள்வி. முந்தின நாள் செய்தியில் மழை வரும், வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் இவ்வளவு அழிவு, ஏரிக்கரையோரம் இருந்த கூட்டாளி வீட்டில் மழை மாதிரிப் பெய்து ஓடிவிட்டது என்றாள். பத்து நிமிட ஓட்டம் தான் தூரம். அது எப்படி?

மேகவாசி (வியாழன், மதியம் 1:30)

அக்கா, ஏரிதான் காரணம். ஒன்ராறியோ ஏரி சராசரி 86 மீற்றர் ஆழம், அதனால் டிசம்பரில் அதன் மேற்பரப்பு இன்னும் 4, 5 பாகையில் இருக்கும். கிழக்கில் இருந்தோ வடகிழக்கில் இருந்தோ காற்று ஏரியைத் தடவிக்கொண்டு வந்தால் கரையோரம் ஒன்றிரண்டு பாகை சூடு கூடும். மேலே எல்லோருக்கும் ஒரே சூடான அடுக்கு, ஒரே நீர்த்துளி. கரையில் தரை +1, அது மழை. நாலு கிலோமீற்றர் வடக்கே −0.5, அது உறைமழை. ஒன்றரைப் பாகை வித்தியாசத்தில் ஒரு தெருவில் கிளை முறியும், மற்றத் தெருவில் வாய்க்கால் ஓடும். அந்த மூன்று நாளில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, ஸ்காபரோ கடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று.

இதனால்தான் ரொறன்ரோ என்று ஒரு புள்ளிக்கு வரும் முன்னறிவிப்பை வைத்து ஸ்காபரோ வடக்கில் இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். விமான நிலைய எண் ஒன்று, தீவு விமான நிலைய எண் இன்னொன்று, மார்க்கம் வேறொன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கணிமொடல் (வியாழன், மாலை 4:18)

அண்ணை, மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் டேட்டா வேலையில் இருக்கிறேன். கையால் அடுக்கு அடுக்காகப் பார்ப்பது 1990களுக்கு நல்லது. இப்போது கணினி மொடலே மழைவகையைக் கணித்துத் தருகிறது, என்செம்பிளில், அதாவது தொடக்க நிலையைச் சற்று மாற்றி மாற்றி ஓட்டுவதில், இருபது முப்பது ஓட்டம் ஒன்றாக வருகிறது, 60 வீதம் உறைமழை என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். போதாததற்கு ஏஐ மொடல்கள் வந்து பெரிய மொடல்களையே பல அளவுகோல்களில் முந்திவிட்டன. கிராஃப்காஸ்ட் என்ற ஏஐ மொடல் 2023இல் வெளியானது, ஐரோப்பிய வானிலை மையம் தன்னுடைய ஏஐஎஃப்எஸ் மொடலை 2025இல் அன்றாடப் பாவனைக்கே கொண்டுவந்துவிட்டது. லொறி ஓட்டுகிற ஒருவரை வளிமண்டல வரைபடம் படி என்று சொல்வது அவருக்குப் பாரம் இல்லையா? நல்ல நிகழ்தகவு ஒன்றைக் கொடுத்தால் போதாதா?

மேகவாசி (வியாழன், இரவு 8:50)

நிகழ்தகவு வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை, தம்பி. மூன்று நாலு நாள் முன்னால் புயலின் பாதை எங்கே போகிறது என்று பார்க்க என்செம்பிளை விட நல்ல வழி இல்லை. இன்றைக்கு வியாழன், சனிக்கிழமைப் புயலுக்கு நானும் அதைத்தான் பார்க்கிறேன். தாழமுக்கத்தின் மையம் ஹியூரன் ஏரிக்கு மேலாகப் போனால் 401 முழுக்கச் சூடான பக்கத்தில் விழும், ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கால் போனால் குளிர்ப் பக்கம், பனி. இன்று காலை ஓட்டங்களில் பெரும்பாலானவை மையத்தை வடமேற்கில் வைத்திருக்கின்றன. அந்த அளவுக்கு மொடலை நம்பலாம், நம்பவும் வேண்டும்.

ஆனால் ஏஐ மொடல் உறைமழையைச் சொல்லிவிடும் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஏஐஎஃப்எஸ் போன்றவை 13 அழுத்த மட்டங்களை வைத்துப் பயிற்றப்பட்டவை. தரைக்குப் பக்கத்தில் அந்த மட்டங்கள் 1000, 925, 850 மில்லிபார். 1000 என்பது தரையோடு ஒட்டியது, 925 என்பது ஏறத்தாழ 750 மீற்றர். மொன்றியலுக்கு முன்னால் வரும் கோர்ன்வோலில் நம்மைக் கவிழ்க்கிற குளிர் அடுக்கு சில நாட்களில் 300, 400 மீற்றர் தான் தடிப்பு. அது அந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவில் விழுந்துவிடும், மொடலுக்கு அதன் வடிவம் தெரியவே தெரியாது. பெரிய படத்தில் அது எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நமக்குத் தேவையான படம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

வழமையான மொடல்களுக்கும் ஒரு பழைய நோய் உண்டு. தரையோடு கிடக்கும் மெல்லிய குளிர்காற்றை அவை அவசரப்பட்டுத் துடைத்து எறிந்துவிடும். மொடல் இரவு 10 மணிக்கு +2 என்று சொல்லும், உண்மையில் விடியற்காலை 4 வரைக்கும் −1இல் கிடக்கும். குளிர்காற்று பாரமானது, பள்ளத்தில் கிடந்தால் இலேசில் எழும்பாது. இதை நான் என் கொப்பியில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன், அதனால்தான் 2.5 கிலோமீற்றர் நுணுக்கம் உள்ள கனடிய மொடலை மட்டும் கடைசி 48 மணி நேரத்துக்கு எடுத்து, அதிலும் சூடு வரும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி பிந்தித்தான் கணக்குப் போடுவேன்.

இன்னொன்று, ஆப் காட்டும் மழைவகை ஒரு மொடலின் ஒரு சூத்திரத்தில் இருந்து வருகிறது. எந்தச் சூத்திரம் என்று ஆப் சொல்லாது. சில சூத்திரங்கள் ஐஸ் மணியை அதிகம் காட்டும், சில உறைமழையை. உயரவாரியாக அதே வெப்பநிலைகளைக் கொடுத்தாலும் விடை மாறும். மூன்று ஆப் மூன்று கதை சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணிமொடல் (வியாழன், இரவு 9:25)

13 மட்டங்கள் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் என்செம்பிளை ஓரம் தள்ள வேண்டாம். ஒரே ஓட்டத்தின் வரைபடத்தை நுணுக்கமாகப் படிப்பவர் அந்த ஓட்டமே பிழையானால் முழுக்கப் பிழைவிடுவார்.

மேகவாசி (வியாழன், இரவு 9:40)

அதை ஒத்துக்கொள்கிறேன். நானே அப்படி இரண்டு தரம் பிழைவிட்டிருக்கிறேன், ஒரு தரம் கல்யாண வீட்டுக்காரருக்குப் பனி என்று சொல்லி மழை பெய்தது.

ஒட்டாவா_குளிர் (வெள்ளி, காலை 7:55)

1998 ஜனவரியில் நான் இங்கே இருந்தேன், கனடா வந்து மூன்றாவது வருடம். 5ஆம் திகதி தொடங்கி 10 வரை விட்டு விட்டுப் பெய்தது. மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீற்றரைத் தாண்டியது. 40 இலட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்கு மின்சாரம் இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய மின்கோபுரங்கள் காகிதம் மாதிரி மடங்கின, 15,000க்கு மேல் இராணுவத்தினரை இறக்கினார்கள். எங்கள் கட்டடத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் சண்டைக்காலத்தில் கூட வீட்டில் விளக்கெரித்துக் கொஞ்சம் சமைத்தோம், இங்கே அடுப்பும் இல்லை என்று அழுதது இன்னும் நினைவில் நிற்கிறது.

உறைமழை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்று பிறகு ஒரு வகுப்பில் கேள்விப்பட்டேன். அப்படியானால் ஆறு நாள் எப்படிப் பெய்தது?

கோவைக்காரன் (வெள்ளி, காலை 9:02)

வாட்டர்லூவில் படிக்கிறேன், முதல் குளிர்காலம் இது. அண்ணா கேட்டதில் முதல் பாதி எனக்குத் தெரியும். தண்ணீர் உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளியே வரும். அந்த வெப்பம் தரையையும் ஒட்டிய காற்றையும் சூடாக்கிச் சுழியத்துக்குக் கொண்டு வந்துவிடும், அப்புறம் அது சாதா மழை. ஆறு நாள் தாங்க வேண்டும் என்றால் யாராவது அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும், அதுதான் எனக்குப் புரியவில்லை.

மேகவாசி (வெள்ளி, காலை 9:48)

அள்ளிக்கொண்டு போனது காற்று, தம்பி. சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கு தென்மேற்கில் இருந்து வடகிழக்காக ஒரு வாய்க்கால் மாதிரிக் கிடக்கிறது. வடக்கே கியூபெக்கில் உயரமுக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்த வாய்க்கால் வழியாக வடகிழக்குக் காற்று, குளிராகவும் வறண்டதாகவும், நிற்காமல் இறங்கும். நீங்கள் சொன்ன மறைவெப்பம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே வந்தது, ஒவ்வொரு நிமிடமும் புதுக் குளிர் அதைத் தின்றது. மேலே தெற்கில் இருந்து ஈரம் நிற்காமல் வந்தது. இரண்டும் ஆறு நாள் சேர்ந்து நின்றன.

401லொறித் தம்பி, உங்களுக்கு இதில் இருந்து நேரே ஒரு வழி கிடைக்கிறது. கோர்ன்வோலிலும் மொன்றியலிலும் காற்று எந்தத் திசை என்று மணிக்கு மணி பாருங்கள். வடகிழக்கு என்று இருக்கும் வரை அங்கே சூடு வராது, எந்த மொடல் என்ன சொன்னாலும். அதோடு பனிபடுநிலையை, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, பாருங்கள். வெப்பநிலை −1, பனிபடுநிலை −7 என்றால் காற்று வறண்டது, மழை விழ விழ ஆவியாகி இன்னும் குளிரும். இதற்குத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று, மழை தொடங்கிய பிறகு வெப்பநிலை எங்கே போய் நிற்கும் என்று அது சொல்லும். மனக்கணக்கு வேண்டுமென்றால் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். தரையில் +3, பனிபடுநிலை −6 என்றால் வித்தியாசம் 9, மூன்றைக் கழித்தால் சுழியம். +3 என்று பார்த்து மழைதானே என்று புறப்பட்டவர் அரை மணியில் ஈரப்பனிக்குள் நிற்பது இப்படித்தான்.

கோவைக்காரன் (வெள்ளி, காலை 10:20)

நன்றி அண்ணா. 540 கோடு என்று எல்லா வரைபடத்திலும் ஒரு நீலக்கோடு பார்க்கிறேன், அது பனி மழை எல்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைப் பார்த்தால் போதாதா?

மேகவாசி (வெள்ளி, காலை 11:15)

போதாது. அது 1000க்கும் 500 மில்லிபாருக்கும் இடைப்பட்ட காற்றின் தடிப்பு. சூடான காற்று விரியும், குளிர்ந்தது சுருங்கும், அதனால் தடிப்பு 5,400 மீற்றர் என்றால் சராசரியில் பனிக்கும் மழைக்கும் எல்லை. ஐந்தரைக் கிலோமீற்றர் முழுவதற்குமான சராசரி அது. நடுவில் ஒரு மெல்லிய சூடான அடுக்கு ஒளிந்திருந்தால் சராசரியில் அது காணாமல் போய்விடும், அந்த அடுக்குத்தானே நமக்கு எல்லாம். அதனால் பழைய ஆட்கள் அதை இரண்டாக வெட்டினார்கள். 1000க்கும் 850க்கும் இடையில் 1,300 மீற்றர் அளவு, 850க்கும் 700க்கும் இடையில் 1,540 மீற்றர் அளவு. கீழ்த்துண்டு குளிர், மேல்த்துண்டு சூடு என்று வந்தால் உறைமழையோ ஐஸ் மணியோ வரப்போகிறது என்று கைவிரலில் சொல்லலாம். கணினி இல்லாத காலத்தில் இது பெரிய உதவி.

அதற்குப் பிறகு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பூர்குவாங் முறை. கனடிய வானிலை மையத்தில் இருந்த பியர் பூர்குவாங் 2000இல் வெளியிட்டது. உச்ச வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் வரைபடத்தில் சூடான அடுக்கு பிடிக்கும் பரப்பையே சக்தியாகக் கணக்கெடுக்கிறது, கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் உருக்கும் சக்தி என்று. அதேபோலக் கீழே குளிர் அடுக்குக்கு உறையவைக்கும் சக்தி. உருக்கும் சக்தியை 0.66ஆல் பெருக்கி 46ஐக் கூட்டுங்கள், உறையவைக்கும் சக்தி அதற்குக் குறைவு என்றால் உறைமழை. 46க்குப் பதில் 66ஐக் கூட்டி, அதையும் தாண்டினால் ஐஸ் மணி. இடையில் என்றால் இரண்டும் கலந்து. மெல்லிய ஆனால் மிகச் சூடான அடுக்கும், தடிப்பான ஆனால் இளஞ்சூடான அடுக்கும் ஒரே வேலையைச் செய்ய முடியும் என்பதை அந்தக் கணக்கு அழகாகப் பிடிக்கிறது.

ஸ்காபரோ_தாதி (வெள்ளி, மதியம் 12:05)

பனி என்றே முடிவானாலும் எத்தனை சென்ரிமீற்றர் என்பதில் ஏன் இவ்வளவு குழப்பம்? 10 என்பார்கள், 25 அள்ளுவோம். போன முறை 20 என்றார்கள், 6 தான், ஆனால் சவளால் தூக்க முடியாத பாரம்.

மேகவாசி (வெள்ளி, மதியம் 12:50)

மொடல் கணிப்பது நீரின் அளவு, அக்கா. அதைப் பனியாக மாற்றும்போது பெரும்பாலான ஆப்புகள் கண்ணை மூடிக்கொண்டு பத்தால் பெருக்கும், 10 மில்லிமீற்றர் நீர் என்றால் 10 சென்ரிமீற்றர் பனி. உண்மையில் சுழியத்தை ஒட்டிய ஈரப்பனி ஐந்து ஆறு மடங்குதான் வரும், அதுதான் உங்கள் சவளை வளைத்தது. மேகத்துக்குள் −12க்கும் −18க்கும் இடைப்பட்ட அடுக்கில் காற்று பலமாக மேலெழும்பினால் நட்சத்திரம் மாதிரிக் கிளைவிட்ட படிகம் பிறக்கும், அது ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காது, 20 மடங்குக்கும் போகும். பஃபலோ பக்கத்து ஏரிப்பனி அப்படித்தான். 850 மில்லிபார் காற்று ஏரியை விட 13 பாகை குளிராக இருந்தால் ஏரிப்பனி தொடங்கும் என்பது கணக்கு, காற்று ஏரியின் நீளவாட்டில் அடித்தால் ஒரே பட்டையாகக் கொட்டும். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே சில இடங்களில் இரண்டு மீற்றர் விழுந்தது, நகரின் வடக்கில் அதில் சிறு பங்குதான்.

பிக்கரிங்வாசி (வெள்ளி, பிற்பகல் 3:30)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். முழுக் குளிர்காலத்துக்கும் எல்நினோ, லாநினா வைத்துச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா? குளிர் டயர் மாட்டுவதா என்று யோசிக்கிறேன்.

மேகவாசி (வெள்ளி, மாலை 5:10)

டயரை மாட்டுங்கள், எல்நினோவோ லாநினாவோ. எல்நினோ என்றால் தென் கனடாவில் குளிர் தணியும் பக்கம் சாய்வு உண்டு, 2023-24 குளிர்காலம் கனடா முழுவதற்கும் பதிவானதிலேயே மிகச் சூடானது. லாநினாவில் புயல்கள் பேரேரிகள் வழியாக வருவது கூடும். வெப்பநிலைக்கு அந்தச் சாய்வு ஓரளவு உதவும், பனி உறைமழை அளவுக்கு மிகக் குறைவு. ஒரு பருவத்தில் ஒரே ஒரு கெட்ட இரவு போதும் உங்கள் காருக்கு.

401லொறி (வெள்ளி, இரவு 10:44)

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். முழுக்க விளங்கியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் காற்றுத் திசை, பனிபடுநிலை, 850இல் எவ்வளவு, இந்த மூன்றும் பிடித்துவிட்டது. அனுப்புகிற அலுவலகத்தில் சனி இரவு 8 மணிக்குத்தான் புறப்பட வேண்டும் என்கிறார்கள். அண்ணை, உங்கள் முடிவு?

மேகவாசி (சனி, காலை 8:35)

காலை 7 மணிக்கு மேல்வளியை அளக்க விடும் பலூனின் அளவீடு வந்துவிட்டது. ரொறன்ரோவுக்கு என்று பலூன் இல்லை, கிட்டியது ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோ. அங்கே 850இல் ஏற்கெனவே +4. வடக்கே கியூபெக்கின் மனிவாக்கியில் தரையில் −11, காற்று வறண்டு கிடக்கிறது. தெற்கில் சூடு தயார், வடக்கில் குளிர் தயார், நடுவில் உங்கள் ரோட்டு.

கனடிய மொடலில் இரவு 9 மணிக்கு கோர்ன்வோலுக்குக் கணக்குப் போட்டேன். உருக்கும் சக்தி 40 அளவு, உறையவைக்கும் சக்தி 60 அளவு. 40ஐ 0.66ஆல் பெருக்கினால் 26, 46ஐக் கூட்டினால் 72. 60 அதற்குக் கீழே, உறைமழை. மொன்றியலில் குளிர் அடுக்கு தடிப்புக் கூட, 110 வருகிறது, அங்கே ஐஸ் மணி. கிங்ஸ்டன் ஏரிக்காற்றில் நள்ளிரவு தாண்டிச் சூடாகும், புரொக்வில்லுக்குக் கிழக்கே பள்ளத்தாக்குக் குளிர் விடியும் வரை போகாது என்று நினைக்கிறேன்.

முதலில் பனியாகத் தொடங்கும், பிறகு ஐஸ் மணி, பிறகு உறைமழை, சூடான அடுக்கு தடிக்கத் தடிக்க அந்த வரிசைதான். 8 மணிக்கு எடுத்தால் சரியாக மிக மோசமான துண்டுக்குள் போய்ச் சேருவீர்கள். மதியத்துக்குள் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிறு விடிந்த பிறகு. இடையில் வேண்டாம். அலுவலகத்துக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், ஸ்டியரிங் பிடிப்பது நீங்கள்.

கணிமொடல் (சனி, காலை 9:10)

என்செம்பிளிலும் புரொக்வில், கோர்ன்வோல் இரண்டுக்கும் பெரும்பாலான ஓட்டங்கள் சுழியத்துக்குக் கீழே மழை காட்டுகின்றன. இந்த முறை உங்கள் கணக்கும் இதுவும் ஒரே பக்கம்.

401லொறி (சனி, மாலை 3:35)

கதைத்து ஒத்துக்கொள்ள வைத்தேன். ஆனால் லோட் பிந்திவிட்டது, இப்போதுதான் கேற்றுக்கு வெளியே. புரொக்வில்லுக்கு முன்னால் வரும் மலோரிடவுன் வரை போய்ப் பார்க்கிறேன், அங்கே நிறுத்த இடம் இருக்கிறது.

மேகவாசி (சனி, மாலை 3:41)

சத்தத்தைக் கேளுங்கள். ஐஸ் மணி கண்ணாடியில் டிக் டிக் என்று தட்டித் தெறிக்கும். அந்தச் சத்தம் நின்று, மழை மட்டும் தொடர்ந்தால், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருந்தால், அந்த நிமிடமே நிறுத்த இடம் தேடுங்கள். றேடாரில் இப்போது அது நிற்கும் கிங் சிற்றியைச் சுற்றி ஒரு பிரகாசமான வளையம் தெரிகிறது, மேலே பனி உருகும் மட்டம் அது. அந்தச் சூடான அடுக்கு கிழக்கே நகர்கிறது.

401லொறி (சனி, இரவு 8:02)

மலோரிடவுனில் நிற்கிறேன். நப்பனியில் பனி, கிங்ஸ்டனில் இருந்து கனனோக்குவே வரை டிக் டிக், அதற்குப் பிறகு ஐந்தாறு நிமிடத்தில் சத்தமே இல்லை. வைப்பர் தடித்துவிட்டது, பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி வெப்பமானி −2. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் உள்ளே திரும்பிவிட்டார்கள், ஒருவர் வழுக்கித்தான் திரும்பினார்.

ஸ்காபரோ_தாதி (சனி, இரவு 8:15)

அப்பாடா. கீழே இறங்கும்போது கவனம் தம்பி, வண்டிப் படியிலும் ஐஸ் இருக்கும். இங்கே என் வீட்டில் +1, வெறும் மழை.

மேகவாசி (சனி, இரவு 8:30)

அங்கேயே நில்லுங்கள். கோர்ன்வோலில் வடகிழக்குக் காற்று 25 கிலோமீற்றர், பனிபடுநிலை −5.

401லொறி (ஞாயிறு, அதிகாலை 1:40)

இங்கே +1 ஆகிவிட்டது, மரத்தில் இருந்து ஐஸ் துண்டு துண்டாக விழுகிற சத்தம் கேட்கிறது. பக்கத்து லொறிக்காரர் புறப்படலாம் என்கிறார். கோர்ன்வோலைப் பார்த்தேன், இன்னும் −2, காற்று வடகிழக்கு. அவருக்கும் போனைக் காட்டினேன். இருவரும் படுக்கிறோம்.